இருபத்தெட்டு அங்குல வாசல்



பாடத்திட்டம், தேர்வு, கட்டுரைப் பயிற்சி என்று எழுதி வந்தவன் இன்று ஒரு வீட்டு வாசலைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுத்தருள வேண்டும். படித்து முடிக்கையில் இதுவும் நமக்குத் தொடர்புடைய செய்திதான் என்பதை உணர்வீர்கள் என நம்புகிறேன்.

நாங்கள் குடியிருப்பது தைப்பிங்கில் உள்ள பழைய பலகை வீடு. இருப்புப்பாதையில் பணிபுரிந்த என் தாத்தா 1958ஆம் ஆண்டில் வாங்கியது. தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில், சிமெண்டுக் கட்டைகளின்மேல் நிற்கும் வீடு. மூலைத் தூண்கள் செங்கால் மரம். மற்ற சட்டங்களும் பலகைகளும் பெரும்பாலும் மெரந்தி. மழைக்குப் பெயர்போன ஊர் என்பதால் ஆண்டின் பாதி நாள்கள் கதவுகள் ஈரத்தில் ஊதி நிலையோடு ஒட்டிக்கொள்ளும். தோளால் இடித்துத் திறப்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பழக்கம்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நீரிழிவு நோயால் என் அம்மாவின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் முன்பே சக்கர நாற்காலி வாங்கி வைத்துவிட வேண்டும் என்று கடைக்குச் சென்றேன். '18 அங்குலம்' என்று அட்டையில் எழுதியிருந்தது. வீட்டில் அம்மாவின் அறை வாசலை முன்னரே அளந்து வைத்திருந்தேன். 28 அங்குலம். பத்து அங்குலம் மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டு மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன்.

ஆண்டு நான்கு மாணவர்களுக்கு அளவை கற்பிப்பவன் நான். 'எதை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்' என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன். அட்டையில் இருந்த 18 அங்குலம் இருக்கையின் அகலம். அதன் இரு பக்கமும் கைப்பிடி, பெரிய சக்கரம், அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றும் வளையம் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ எட்டு அங்குலம் கூடும். என் நாற்காலியின் முழு அகலம் 26 அங்குலம்.

வாசலின் கணக்கிலும் பிழை இருந்தது. நிலையின் உட்புறத்தில் 28 அங்குலம் என்பது உண்மைதான். ஆனால் கதவை நேராகத் திறந்து வைத்தாலும் கதவுப் பலகையின் தடிப்பும் கீலும் வழியில் நிற்கும். அதைக் கழித்தால் எஞ்சுவது 26 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. முதல் நாளே நாற்காலி வாசலில் சிக்கிக்கொண்டது.

கதவைக் கழற்றிவிட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டேன். முழு 28 அங்குலமும் கிடைத்தது. பக்கத்திற்கு ஓர் அங்குலம். சக்கர வளையத்தைப் பிடித்திருக்கும் அம்மாவின் விரல் முட்டிகள் நிலையில் உரசித் தோல் கிழிந்தது. வெளியே உள்ள நடையின் அகலமோ மூன்று அடிதான். நேராக வந்து நுழைவதற்கு இடமில்லை. நடையில் வந்து, திரும்பி நுழைய வேண்டும். திரும்பி நுழையும் நாற்காலிக்கு அதன் அகலத்தைவிடக் கூடுதல் இடம் தேவை. இவை போதாவென்று, வாசலின் அடியில் இரண்டு அங்குல உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம். காலால் தாண்டிப் பழகிய எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது.

ஆகவே நான் அம்மாவைத் தூக்கினேன். காலையில் பள்ளிக்குச் செல்லும் முன் ஒருமுறை, மாலையில் பலமுறை. அறைக்குள்ளிருந்து தூக்கி வந்து நடையில் நிறுத்திய நாற்காலியில் அமர்த்துவேன். என் துணைவியாரும் தோள் கொடுப்பார். பகலில் பக்கத்து வீட்டு அக்காள் வந்து உதவுவார். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகனா!' என்றார்கள். உண்மையைச் சொல்லுகிறேன், அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. சிறுநீர்ப் பாதைத் தொற்று என்றார்கள். அந்த ஆண்டில் அது இரண்டாம் முறை. தாதி ஒருவர் அம்மாவிடம் நாளைக்கு எத்தனை குவளை தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு" என்றார்.

தாதி வியந்து, ஏன் என்று கேட்டார். அம்மா விடை சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் காருக்குள்தான் சொன்னார்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும்யா. நீ ஸ்கூல்ல இருந்து களைச்சு வர்ற. ஒன்ன எத்தன தடவ கூப்புடறது?"

வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டேன். என் கைகளில் எத்தனை முறை தூக்கினேன் என்பதை நான் கணக்கில் வைத்திருந்தேன். எத்தனை முறை அவர் அழைக்காமல் இருந்தார் என்பதை நான் எண்ணவே இல்லை. தாகத்தை அடக்கிக்கொண்டு ஒரு தாய் என் வீட்டிலேயே படுத்திருந்திருக்கிறார். அதற்குக் காரணம் எட்டு அங்குலச் சுவர்.

அன்றிரவே வாசலை அகலப்படுத்துவது என்று முடிவு செய்தேன்.

தம்பி கோலாலம்பூரிலிருந்து தொலைபேசியில், "அண்ணா, அந்தப் பழைய வீட்டில் கை வைத்தால் கூரையே இறங்கிவிடும். விற்றுவிட்டு ஒரு தாமான் வீடு பார்ப்போம்" என்றான். அம்மாவும் ஒப்பவில்லை. "நல்லா நிக்கிற நெலைய யாராச்சும் அறுப்பாங்களா? ஒங்க தாத்தா வச்ச நெலை" என்றார். அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. அச்சுவரைத் தட்டிப் பார்க்கும் துணிவு எனக்கும் இல்லை.

முதலில் வந்து பார்த்த ஒருவர், மின்ரம்பம் இருந்தால் அரைநாள் வேலை என்றார். மேலே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. நல்லவேளையாக நண்பர் ஒருவர் எழுபது வயதைக் கடந்த சீனத் தச்சர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் என்னைச் 'சிக்கு' என்றே அழைத்தார். நான் அவரை 'அங்கிள்' என்றேன். சந்தை மலாயில்தான் எங்கள் உரையாடல் எல்லாம்.

அவர் சுவரைத் தொடவில்லை. ஏணி கேட்டார். கூரைத்தட்டில் உள்ள திறப்பின் வழியே கைவிளக்கோடு தலையை நுழைத்து வெகுநேரம் பார்த்தார். இறங்கி வந்து எனக்கும் காட்டினார். கூரைத்தட்டைத் தாங்கும் சட்டங்கள் அம்மாவின் அறைச் சுவருக்குக் குறுக்காக ஓடி, இரு பக்கத்திலிருந்தும் வந்து அச்சுவரின் மேல்சட்டத்தில்தான் தலை வைத்திருந்தன. அதுமட்டுமன்று, கூரையைத் தாங்கும் ஒரு முட்டும் அதே சட்டத்தில் ஊன்றியிருந்தது. அப்படியானால் அது வெறும் தடுப்புச் சுவர் அன்று, சுமை தாங்கும் சுவர். சட்டங்கள் சுவருக்கு இணையாக ஓடியிருந்தால் அது பெரும்பாலும் தடுப்பாக மட்டும் இருந்திருக்கும். பழைய வீடுகளில் அதையும் நம்பிவிடக் கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

"சிக்கு, சுவரை வெட்டுவது எளிது. அது தாங்கிக்கொண்டிருந்த பாரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் வேலை" என்று அவர் கூறியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

சுமை தாங்கும் பகுதியில் கை வைப்பதென்றால் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கான ஏற்பாடுகளை முடித்துக்கொண்டு டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் பணியைத் தொடங்கினோம். அம்மாவின் மன நிறைவுக்காக நல்ல நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தோம். தச்சரும் காலணியைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

பணி நடந்த முறையைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன். நம்மில் பலர் இன்னும் பலகை வீடுகளில் வாழ்கிறோம். நம் பெற்றோர்களுக்கும் வயதாகிறது.

முதலில் மின்சாரம். நிலையின் ஓரத்திலேயே விளக்கு விசையின் கம்பி ஓடியது. உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து முதன்மை விசையை அணைத்துக் கம்பியை வேறு பக்கம் மாற்றித் தந்த பிறகே உளி எடுக்கப்பட்டது.

அடுத்துக் கூரைத்தட்டு. அந்நாளில் பல வீடுகளில் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகளைத்தான் பொருத்தினார்கள். அசையாமல் இருக்கும்வரை அதனால் பெரிய தீங்கில்லை. அறுத்தாலோ துளைத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் செல்லும். அது கொடிய நோய்களைத் தரும். எங்கள் வீட்டுத் தகடும் அதுவாக இருக்கலாம் என்று எண்ணித் தச்சர் அதைத் தொடாமலே வேலையைத் திட்டமிட்டார். பணி முடியும்வரை அம்மா பக்கத்து வீட்டில் தங்கினார்.

பிறகு முட்டுக்கால்கள். சுவருக்கு இரு பக்கமும் இரண்டடி தள்ளி, மேலே ஒரு நீண்ட சட்டமும் அதன் கீழே நான்கு கால்களும் நிறுத்தினார். தகடு நசுங்காதிருக்கச் சட்டத்தின்மேல் பழைய போர்வையை மடித்து வைத்தார். கால்களின் அடியில் ஆப்பு வைத்து மெதுவாகத் தட்டினார். 'இறுக்கமாக இருந்தால் போதும், தூக்கிவிடக் கூடாது' என்றார். அளவுக்கு மீறித் தூக்கினால் வேறோர் இடத்தில் விரிசல் விடுமாம்.

அதன் பின்னரே பலகைகளைக் கழற்றினார்கள். ஒவ்வொரு பலகையிலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதுவது என் பணி. வாழ்நாள் எல்லாம் கையாண்ட பொருள் அல்லவா!

அப்போதுதான் அந்தக் காட்சியைக் கண்டோம். வாசலின் இடப்பக்கம் நின்ற முழு உயரச் சட்டத்தை எவரும் அறுக்கக் கூடாது என்று நாங்கள் அஞ்சிக்கொண்டிருந்தோம். பலகை அகன்றதும் பார்த்தால் அதன் கீழ்ப்பகுதி ஒரு முழம் உயரத்திற்கு வெறும் கூடு. மெரந்தியைக் கரையான் உள்ளிருந்தே தின்று, வண்ணம் பூசிய மேற்தோலை மட்டும் விட்டுவைத்திருந்தது. தச்சர் விரலால் அழுத்தினார், உள்ளே போயிற்று. பக்கத்தில் நின்ற செங்கால் மூலைத்தூணில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியானால் இத்தனை நாள் பாரத்தைத் தாங்கியது எது? தச்சர் நிலையைக் காட்டினார். கதவைப் பிடித்திருக்க மட்டுமே செய்த அந்த நிலைதான் மேலிருந்து இறங்கிய பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. அதன் மேற்சட்டம் நடுவில் தொய்ந்திருந்தது. மழைக்காலத்தில் மட்டும் ஒட்டிய கதவு கோடையிலும் ஒட்டத் தொடங்கிய காரணம் அன்று விளங்கியது. ஈரம் என்று நாங்கள் தோளால் இடித்தோம். வீடு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வாசலைத் தொடாமல் விட்டிருந்தால் தம்பி அஞ்சியது ஒருநாள் உண்மையாகியிருக்கும்.

அந்தச் சட்டத்தை அகற்றி, எட்டு அங்குலம் தள்ளிப் புதிய செங்கால் சட்டம் நிறுத்தினார்கள். அதனோடு ஒட்டினாற்போல் இன்னொரு குட்டைச் சட்டம். மூலைத்தூணின் பக்கத்திலும் அதேபோல் ஒன்று. இந்த இரு குட்டைச் சட்டங்களின் தலையில்தான் புதிய உத்தரம் அமர்ந்தது. ஆறு அங்குல உயரமுள்ள இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று இணைத்துச் செங்குத்தாக வைத்தார்கள்.

ஏன் செங்குத்தாக? வகுப்பறையில் உள்ள அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து நடுவில் அழுத்திப் பாருங்கள், வளையும். அதையே விளிம்பு மேலாகத் திருப்பிப் பிடித்து அழுத்துங்கள், அசையாது. மரம் அதேதான், நிற்கும் விதம்தான் வேறு. உத்தரத்தின் உயரத்தை இரு மடங்காக்கினால் அதன் வளையாத் தன்மை எட்டு மடங்காகும். பழைய மேற்சட்டம் தட்டையாகக் கிடந்ததால்தான் தொய்ந்தது. இந்த ஆண்டு என் அறிவியல் வகுப்பில் இதைச் செய்து காட்டினேன். பிள்ளைகள் தங்கள் அடிக்கோலையெல்லாம் வளைத்துப் பார்த்து இரண்டை உடைத்தும் விட்டார்கள்.

செங்காலில் நேராக ஆணி இறங்காது. ஆணி வளையும், இல்லையேல் மரம் பிளக்கும். ஒவ்வோர் ஆணிக்கும் முன்னதாகத் துளையிட வேண்டியிருந்தது. அதனாலேயே ஒருநாள் கூடிற்று.

எல்லாம் முடிந்தது என்று எண்ணினேன். தச்சரோ கைவிளக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து சென்றார். புதிய சட்டம் நிற்கும் இடத்திற்குக் கீழே தரைப்பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, அதன் அடியில் சிமெண்டுக் கட்டை ஒன்றை நிறுத்திய பின்னரே வெளியே வந்தார். கூரையிலிருந்து இறங்கும் பாரம் மண்ணைத் தொடும்வரை வழியில் எங்கும் அறுபடக் கூடாது என்று கையால் கோடு போட்டுக் காட்டினார்.

மறுநாள் முட்டுக்கால்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. புதிய மரம் பாரத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான்.

இப்போது வாசலின் தெளிவான அகலம் 36 அங்குலம். சிங்கப்பூரின் அணுகல்தன்மை விதிகள் கதவு வழிக்குக் குறைந்தது 850 மில்லிமீட்டர் கேட்கின்றன; அமெரிக்காவில் 32 அங்குலம். எங்கள் நடை குறுகல் என்பதால் தச்சர் சற்றுக் கூடுதலாகவே விட்டார். பழைய கதவுக்குப் பதிலாகச் சுவரை ஒட்டி ஓடும் தள்ளுகதவு. அதனால் வழியில் கதவு நிற்பதில்லை. தரையில் இருந்த குறுக்குச் சட்டம் போயிற்று. குளியலறை வாசலில் மட்டும் இரண்டு அங்குல ஏற்றத்தை நீக்க இயலவில்லை. அங்கே ஓர் அங்குலத்திற்குப் பன்னிரண்டு அங்குலம் என்ற கணக்கில் இரண்டடி நீளச் சாய்தளம் அமைத்தோம்.

தாத்தா வைத்த நிலையை எரிக்க மனம் வரவில்லை. நல்ல பகுதியை அறுத்து இழைத்துத் தச்சர் ஒரு சிறு முக்காலி செய்து கொடுத்தார். அம்மா அதன்மீதுதான் தம் தண்ணீர்ச் செம்பை வைத்திருக்கிறார்.

அம்மா வீடு திரும்பிய முதல் நாளை மறக்க முடியாது. பழக்கத்தால் நான் குனிந்து கைகளை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, "நகருய்யா" என்றார். தாமே சக்கரத்தை உருட்டி, நடையில் வந்து, திரும்பி, உள்ளே சென்றார். பிறகு வெளியே வந்தார். மீண்டும் உள்ளே சென்றார். மூன்றாம் முறை வேகமாகத் திரும்பிப் புதிய நிலையில் இடித்துவிட்டார். வண்ணம் காயாத மரத்தில் ஒரு வடு. அதை இன்றுவரை நான் சரிசெய்யவில்லை.

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

என் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். வாய்விட்டு வாசிக்கும் நேரத்தில் அவன் முறை வரும்போது நான் அவனைத் தாண்டிச் சென்றுவிடுவேன். மற்றவர் முன் அவன் நாணக் கூடாதே என்னும் அன்புதான். எனக்கு நானே அதைக் கருணை என்று பெயரிட்டிருந்தேன். சில திங்களில் அவன் வாசிப்பு நூலைக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டான். 'மறந்துவிட்டேன் ஐயா' என்பான். நானும் நம்பினேன்.

அம்மா காருக்குள் சொன்ன சொற்களைக் கேட்ட பிறகுதான் அந்த 'மறந்துவிட்டேன்' என்பதன் பொருள் எனக்கு விளங்கியது. அவனும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் முதல் பகுதியை முன்நாளே அவனிடம் கொடுத்து வீட்டில் வாசித்து வரச் செய்தேன். வகுப்பில் தனியே நிறுத்தாமல் நண்பனோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்க வைத்தேன். சேர்ந்து வாசிக்கும்போது திக்குவாய் உள்ளவர்களுக்குத் திக்கல் பெரிதும் குறையும். அவனுக்கும் குறைந்தது. இப்போது தன் முறை எப்போது வரும் என்று அவனே கேட்கிறான். இன்னும் திக்குகிறான்; காத்திருக்கிறோம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! நாம் அன்பு மிகுதியால் பிள்ளைகளையும் முதியவர்களையும் தூக்கிச் சுமக்கிறோம். கைகள் களைக்கும்போது நம்மையே மெச்சிக்கொள்கிறோம். அவர்கள் எதைக் கேட்காமல் இருக்கிறார்கள் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் ஓர் அளவுநாடா இருந்தால் இன்றே எடுங்கள். பெற்றோர் நடமாடும் ஒவ்வொரு வாசலையும் கதவைத் திறந்து வைத்து அளந்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேவை வரும் நாளில் அளக்க நேரம் இருக்காது.

நேற்றிரவு இரண்டு மணியளவில் விழிப்பு வந்தது. நடையில் சக்கரம் உருளும் ஓசை. குளியலறை விளக்கு எரிந்தது, அணைந்தது. திரும்பும் வழியில் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் ஓசையும் கேட்டது. நான் எழவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிவிட்டேன்.